அளந்து பார்த்தவர்

சென்ற ஆண்டு அம்மாவைக் கண் மருத்துவமனைக்கு அழைத்துப் போயிருந்தேன். இருபது வருடச் சர்க்கரை. விழித்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசியத் தொடங்கியிருந்தன. "லேசர் வைக்கணும்" என்றார் டாக்டர். கத்தி வைப்பார்களோ, ஊசி போடுவார்களோ என்று அம்மாவுக்குப் பயம். சொட்டு மருந்து விட்டார்கள். தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொல்லி, கண்மேல் ஒரு லென்ஸை ஒட்டவைத்தார்கள். பச்சை வெளிச்சம் பளிச் பளிச்சென்று அடித்தது. கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்துவிட்டது.

வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்ததும் அம்மா கேட்டார்: "வெளிச்சத்தை வச்சேவாடா வைத்தியம் பண்ணிட்டாங்க? இதைக் கண்டுபிடிச்சவருக்குப் பெரிய பரிசெல்லாம் குடுத்திருப்பாங்கள்ல?"

ஆமாம் என்றும் சொல்ல முடியவில்லை, இல்லை என்றும் சொல்ல முடியவில்லை. உலகின் முதல் லேசரைச் செய்து இயக்கிக் காட்டியவர் தியோடர் மைமன். அவர் கதையை முழுதாகச் சொன்னால்தான் அம்மாவின் கேள்விக்குப் பதில் கிடைக்கும்.

ரேடியோ ரிப்பேர் செய்த பையன்

மைமன் 1927 ஜூலை 11 அன்று லாஸ் ஏஞ்சலிஸில் பிறந்தார். வளர்ந்தது கொலராடோ மாநிலத்தின் டென்வர் நகரில். அப்பா மின் பொறியாளர். வீட்டிலேயே எதையாவது புதிதாகச் செய்து பார்த்துக்கொண்டிருப்பவர். பையனுக்கும் அந்தக் கை வந்தது. பதின்ம வயதிலேயே ரேடியோக்களையும் வீட்டு மின்சாதனங்களையும் பழுதுபார்த்துக் காசு சம்பாதித்தார். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டத்தில் அமெரிக்கக் கடற்படையில் சிறிது காலம் இருந்தார். பிறகு கொலராடோ பல்கலைக்கழகத்தில் பொறியியல் இயற்பியல் பட்டம். அங்கிருந்து ஸ்டான்ஃபோர்டு, முதலில் மின் பொறியியலில் முதுகலை, அடுத்து இயற்பியலில் முனைவர் பட்டம். ஆய்வுக்கு வழிகாட்டியவர் வில்லிஸ் லாம்ப். மைமன் முனைவர் பட்டம் பெற்ற அதே 1955இல்தான் லாம்புக்கு நோபல் பரிசு கிடைத்தது.

கருவியைக் கையால் செய்யத் தெரிந்த பொறியாளரும் அணுவுக்குள் நடப்பதைக் கணக்குப் போடத் தெரிந்த இயற்பியலாளரும் ஒரே ஆளுக்குள் இருந்தார்கள். 1956இல் கலிஃபோர்னியாவில் ஹியூஸ் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது அவருக்குக் கிடைத்த வேலையே இதற்குச் சாட்சி. அமெரிக்க ராணுவத்துக்காக ஒரு 'மேசர்' கருவியைச் செம்மைப்படுத்த வேண்டியிருந்தது. மேசர் என்பது நுண்ணலைகளைப் பெருக்கும் கருவி. அன்றைக்கு அதன் எடை இரண்டரை டன். அதை இரண்டு கிலோவுக்கும் குறைவாகச் சுருக்கிக் கொடுத்தார் மைமன். அந்தக் கருவியின் நெஞ்சில் இருந்தது ஒரு கெம்புக் கல். அந்தக் கல்லோடு அவருக்கு ஏற்பட்ட பழக்கம்தான் பிறகு வந்த எல்லாவற்றுக்கும் அடித்தளம்.

தேர் வடமும் மேல்நிலைத் தொட்டியும்

சாதாரண விளக்கின் ஒளி, சந்தையில் எழும் இரைச்சல் போன்றது. ஒவ்வோர் அணுவும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தோன்றிய திசையில் ஒளியை உமிழ்கிறது. லேசர் ஒளி, தேர் இழுப்பது போன்றது. நூறு பேர் தனித்தனியாக இழுத்தால் தேர் அசையாது. குரல் கொடுத்ததும் எல்லாரும் ஒரே நேரத்தில், ஒரே பக்கமாக இழுத்தால் அது நகரும். ஒளியிலும் அப்படி ஓர் ஒழுங்கைக் கொண்டுவர முடியும் என்பதற்கான விதையை 1917இல் போட்டவர் ஐன்ஸ்டீன். ஏற்கெனவே ஆற்றல் ஏறி நிற்கும் ஓர் அணுவின்மேல் பொருத்தமான ஓர் ஒளித்துகள் வந்து மோதினால், அந்த அணு தன் ஆற்றலை இன்னொரு ஒளித்துகளாக விட்டுவிடும். வந்த துகளும் பிறந்த துகளும் ஒரே நிறம், ஒரே திசை, ஒரே தாளம். இரண்டு நான்காகும், நான்கு எட்டாகும். இதற்குத் தூண்டப்பட்ட உமிழ்வு என்று பெயர்.

இது நடக்க ஒரு நிபந்தனை உண்டு. ஆற்றல் ஏறிய அணுக்கள், ஏறாத அணுக்களைவிட அதிகமாக இருக்க வேண்டும். வீட்டு மொட்டைமாடியில் இருக்கும் தண்ணீர்த் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் போட்டுத் தண்ணீரை மேலே ஏற்றினால்தான் குழாயில் வேகமாக வரும். அணுக்களை மேலே ஏற்றுவதற்கும் ஆய்வாளர்கள் 'பம்பிங்' என்றே சொல்கிறார்கள். தண்ணீர் ஏறும் வேகத்தைவிட ஒழுகும் வேகம் அதிகமாக இருந்தால், எவ்வளவு பெரிய மோட்டார் வைத்தாலும் தொட்டி நிறையாது.

1954இல் சார்லஸ் டவுன்ஸ் தன் குழுவினரோடு நுண்ணலைகளில் இதைச் செய்து காட்டினார். அதுதான் முதல் மேசர். 1958 டிசம்பரில் அவரும் அவருடைய மைத்துனர் ஆர்தர் ஷாலோவும் எழுதிய கட்டுரை, கண்ணுக்குத் தெரியும் ஒளியிலும் இது முடியும் என்று கணக்குப் போட்டுக் காட்டியது. அதற்கு முந்தைய ஆண்டே கார்டன் கூல்ட் என்ற ஆராய்ச்சி மாணவர் தன் நோட்டுப் புத்தகத்தில் இதே எண்ணத்தை எழுதி, 'லேசர்' என்ற பெயரையும் சூட்டியிருந்தார். அதன்பின் பெரும் ஓட்டப்பந்தயம் தொடங்கியது. கொலம்பியா பல்கலைக்கழகத்தில் டவுன்ஸ் குழு, பெல் ஆய்வுக்கூடத்தில் பல குழுக்கள், கூல்ட் வேலை பார்த்த டி.ஆர்.ஜி. நிறுவனம். டி.ஆர்.ஜி.க்கு மட்டும் அமெரிக்கப் பாதுகாப்புத் துறை கிட்டத்தட்ட 10 லட்சம் டாலர் கொடுத்தது. மைமனுக்குக் கிடைத்தது சுமார் 50,000 டாலர்; அதுவும் சொந்த நிறுவனத்தின் பணம், தயங்கித் தயங்கிக் கொடுத்தது.

ஒழுகாத தொட்டி

மற்றவர்கள் பெரும்பாலும் வாயுக்களையும் உலோக ஆவிகளையும் நாடினார்கள். மைமன் கெம்பையே பிடித்துக்கொண்டார். நகைக்கடைக் கெம்பு என்று எண்ண வேண்டாம். இது உலையில் வளர்த்த செயற்கைக் கெம்பு. நிறமற்ற அலுமினியம் ஆக்சைடு படிகத்தில் சொற்பமான குரோமியம் கலந்திருக்கும். அந்தக் குரோமியம்தான் இளஞ்சிவப்பு நிறம் தருகிறது. பச்சை ஒளியையும் ஊதா ஒளியையும் குரோமியம் அணுக்கள் விழுங்கிக்கொண்டு மேலே ஏறும்; சற்றுக் கீழே இருக்கும் ஒரு படியில் இறங்கி, ஆயிரத்தில் சில பங்கு நொடி அங்கே தங்கும்; பிறகு அடர்சிவப்பு ஒளியாக ஆற்றலை விட்டுவிடும். அந்த ஒளியின் அலைநீளம் 694 நானோமீட்டர்.

கெம்பு உதவாது என்று துறையில் பலரும் முடிவு கட்டியிருந்தார்கள். 1959 செப்டம்பரில் நடந்த மாநாட்டில் ஷாலோவே இளஞ்சிவப்புக் கெம்பு லேசருக்குச் சரிப்படாது என்று சொன்னார். இதற்குப் பின்னால் இரண்டு காரணங்கள் இருந்தன. முதலாவது, கெம்பில் பாதிக்கு மேற்பட்ட குரோமியம் அணுக்களை மேலே ஏற்றினால்தான் வேலை நடக்கும். அதற்கு அசுரத்தனமான வெளிச்சம் வேண்டும். இரண்டாவது, வெஸ்டிங்ஹவுஸ் நிறுவனத்தின் இர்வின் வீடர் வெளியிட்டிருந்த ஓர் எண். கெம்பு விழுங்கும் ஒளியில் 100க்கு 1 பங்குதான் சிவப்பாகத் திரும்பி வருகிறது என்றது அது. தொட்டியில் 99 பங்கு ஒழுகுகிறது என்று பொருள். ஒழுகுகிற தொட்டிக்கு யார் மோட்டார் வாங்குவார்கள்?

மைமனும் அந்த எண்ணை முதலில் நம்பினார். ஆனால் அவருக்கு ஒரு கேள்வி எழுந்தது. மீதி 99 பங்கு எங்கே போகிறது? எந்த வழியாக ஒழுகுகிறது என்று தெரிந்தால், அந்த ஓட்டை இல்லாத வேறொரு படிகத்தைத் தேடலாமே. கெம்பை ஒதுக்கிவைக்கும் முன் அதைப் புரிந்துகொள்வோம் என்று தானே அளக்க உட்கார்ந்தார். ஒழுகக்கூடிய ஒவ்வொரு வழியாகச் சோதித்தார். எங்கும் ஓட்டை அகப்படவில்லை. கடைசியில் மொத்தத்தையும் அளந்தபோது கிடைத்தது 100க்கு 1 அல்ல, 75 அளவில். பின்னர் துல்லியமாக அளந்தபோது அது 100ஐ நெருங்கியது. தொட்டி ஒழுகவே இல்லை. அச்சில் வந்த எண் தவறு.

மைமனின் வாழ்க்கையில் எனக்கு மிகப் பெரிதாகத் தெரிவது லேசர் மின்னிய நாளைவிட இந்த இடம்தான். நாட்டின் சிறந்த மூளைகள் எல்லாம் ஒரு தவறான எண்ணைக் கேள்வி கேட்காமல் கடந்து போயிருந்தன. வீடரைக் குறை சொல்லவும் வேண்டியதில்லை. அளவீட்டில் பிழை யாருக்கும் நேரும். மற்றவர்கள் அதைத் திரும்ப அளந்து பார்க்காததுதான் குறை.

புகைப்படக்காரர் கொடுத்த வழி

அசுர வெளிச்சத்துக்கு என்ன செய்வது? தொடர்ந்து எரியும் விளக்குகளை வைத்துக் கணக்குப் போட்டுப் பார்த்தார் மைமன். அன்று கிடைத்தவற்றில் மிகப் பிரகாசமான பாதரச விளக்கும் தொட்டும் தொடாமலும்தான் நின்றது. அப்போது உதவியாளர் சார்லஸ் அசாவா, புகைப்படக்காரர்கள் பயன்படுத்தும் ஃபிளாஷ் விளக்கைப் பற்றிப் பேச்செடுத்தார். மைமனுக்குப் பொறி தட்டியது. லேசர் தொடர்ந்து எரிய வேண்டும் என்று யார் சொன்னது? ஒரு நொடியின் சிறு துளியில் மின்னி மறைந்தாலும் அது லேசர்தானே! தொடர்ந்து எரியும் லேசரையே மற்றவர்கள் மனத்தில் வைத்திருந்ததால், இந்த எளிய வழி அவர்கள் கண்ணில் படவில்லை.

விளக்குகளின் பட்டியல்களைப் புரட்டி, ஜெனரல் எலெக்ட்ரிக் நிறுவனத்தின் சுருள் வடிவச் செனான் ஃபிளாஷ் விளக்குகளைக் கண்டெடுத்தார். அவற்றில் மிகச் சிறியதே போதும் என்றது கணக்கு. விரல் நுனி அளவுக் கெம்பு உருளையின் இரண்டு முனைகளையும் தட்டையாக இழைத்து வெள்ளி பூசினார். ஒரு முனையில் மட்டும் ஒளி வெளியேற நடுவில் சின்ன ஓட்டை. கெம்பைச் சுருளின் நடுவே நிறுத்தி, வெளிச்சம் சிதறாமல் இருக்கப் பளபளப்பான அலுமினிய உறையில் அடைத்தார். மொத்தக் கருவியையும் உள்ளங்கையில் வைத்து மூடிவிடலாம்.

1960 மே 16

பசிபிக் கடலைப் பார்த்தபடி மாலிபுவில் கட்டியிருந்த ஹியூஸின் புதிய ஆய்வுக்கூடம். மைமனும் இளம் உதவியாளர் இர்னி டிஹேனன்ஸும் மட்டும். விளக்குக்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஒவ்வொரு முறையும் ஒரு மின்னல் அடித்தார்கள். கெம்பிலிருந்து வரும் சிவப்பு ஒளியின் வரைகோடு அலைகாட்டியின் திரையில் விழுந்தது. கோடு சற்று உயரும், மெல்ல இறங்கும். இன்னும் கொஞ்சம் மின்னழுத்தம். அதே உயர்வு, அதே மெதுவான இறக்கம். 950 வோல்ட்டைத் தாண்டியதும் கோடு திரையின் உச்சிக்குப் பாய்ந்தது. தனித்தனியாகச் சொட்டிக்கொண்டிருந்த அணுக்கள் ஒரே நேரத்தில் கொட்டிவிட்டன என்பதற்கு அதுவே சாட்சி. டிஹேனன்ஸுக்குச் சிவப்பு நிறம் சரியாகத் தெரியாத பார்வைக் குறை உண்டு. அன்றைய சிவப்பு அவர் கண்ணிலும் பட்டது.

சினிமாவில் வருவதுபோல் சுவரில் ஊசிமுனைப் புள்ளி எதுவும் அன்று விழவில்லை. முதல் கெம்பின் தரம் அதற்குப் போதவில்லை. கோடு பாய்ந்த உயரமும் வேகமும் ஒளியின் நிற ஒடுக்கமும் ஒன்றுசேர்ந்து சொன்ன செய்தியைத்தான் மைமன் படித்தார். நல்ல கெம்பு கிடைத்ததும் சில வாரங்களில் தெளிவான கற்றையும் வந்தது.

திரும்பி வந்த கட்டுரை

மைமன் தன் முடிவுகளை எழுதி 'ஃபிசிக்கல் ரிவ்யூ லெட்டர்ஸ்' இதழுக்கு அனுப்பினார். அதன் ஆசிரியர் சாமுவேல் கவுட்ஸ்மிட், எலெக்ட்ரானின் சுழற்சியைக் கண்டுபிடித்த இருவரில் ஒருவர். மேசர் கட்டுரைகள் குவிந்து சலித்துப்போயிருந்த காலம் அது. மைமன் தன் கட்டுரையில் லேசர் என்று எழுதாமல் 'ஒளியியல் மேசர்' என்றே எழுதியிருந்தார். இன்னொரு மேசர் கட்டுரைதானே என்று ஆசிரியர் திருப்பி அனுப்பிவிட்டார். இருபதாம் நூற்றாண்டின் பெரிய கண்டுபிடிப்புகளில் ஒன்று வாசல்வரை வந்து திரும்பிப் போனது.

மைமன் அதைச் சுருக்கி இங்கிலாந்தின் 'நேச்சர்' இதழுக்கு அனுப்பினார். 1960 ஆகஸ்ட் 6 இதழில் வெளியானது. மொத்தமே சுமார் 300 சொற்கள். நேச்சர் இதழ் நூறு ஆண்டுகளில் வெளியிட்ட கட்டுரைகளில், சொல்லுக்குச் சொல் எடைபோட்டால் இதுவே மிக முக்கியமானதாக இருக்கலாம் என்று பின்னாளில் எழுதியவர் வேறு யாருமல்ல, போட்டியாளர் டவுன்ஸ்தான்.

இதற்கிடையில் ஜூலை 7 அன்று நியூயார்க்கில் செய்தியாளர் சந்திப்பு நடந்தது. விஞ்ஞானக் கதைகளில் வரும் கொலைக் கதிர் வந்துவிட்டது என்று ஒரு நாளிதழ் தலைப்புப் போட்டது. படமெடுக்க வந்தவருக்கு உண்மையான கருவி மிகச் சிறியதாகத் தோன்றியதால், அதைவிடப் பெரிய விளக்கும் கெம்பும் வைத்து மைமனைப் படம் எடுத்தார்கள். உலகம் பார்த்த 'முதல் லேசர்' படத்தில் இருந்தது முதல் லேசர் இல்லை. அந்தப் படத்தைப் பார்த்தே மற்ற ஆய்வுக்கூடங்கள் பெரிய விளக்குகளை வாங்கித் தங்கள் கெம்பு லேசர்களைச் செய்தன. அவையும் வேலை செய்தன. ஒரு சோதனை உண்மையா என்பதற்கு, வேறு கையில் அது மறுபடி நடப்பதைவிட நல்ல சான்று எது?

பெல் ஆய்வுக்கூடத்தின் கெம்பு லேசர் கட்டுரை அக்டோபரில் அச்சேறியது. மைமனின் கட்டுரையைத் திருப்பிய அதே இதழில். எழுதியவர்களில் ஒருவர், கெம்பு சரிப்படாது என்று சொன்ன ஷாலோ. இந்த வரிசையால் முதல் லேசரைச் செய்தது யார் என்பதில் பல ஆண்டுகள் குழப்பம் நீடித்தது. மைமனின் மனத்தில் அது முள்ளாகவே தங்கியது. 2000இல் வெளியான அவருடைய தன்வரலாற்றிலும் இந்த முள் தெரிகிறது.

வந்த பரிசும் வராத பரிசும்

1964இல் இயற்பியல் நோபல் பரிசு மேசர், லேசர் இரண்டுக்கும் அடிப்படையான ஆய்வுக்காக அமெரிக்காவின் டவுன்ஸுக்கும் சோவியத் நாட்டின் பாசோவ், புரோகொரோவ் இருவருக்கும் போனது. 1981இல் லேசரைக் கொண்டு செய்த நிறமாலை ஆய்வுக்காக ஷாலோவும் பெற்றார். மைமனின் பெயர் இருமுறை பரிந்துரைக்கப்பட்டது, பரிசு வரவில்லை. நோபல் குழு கொள்கையை வகுத்தவர்களைப் பாராட்டியது. டவுன்ஸின் தகுதியை எவரும் மறுக்க முடியாது. ஆனால் கொள்கை எல்லாருடைய மேசையிலும் இருந்தது. கருவி ஒருவர் மேசையில்தான் மின்னியது. வழி தெரிந்த அத்தனை பேரும் முடியாது என்று ஒதுக்கிய பொருளிலேயே அதைச் செய்து காட்டுவது வெறும் கைவேலை ஆகாது. அதுவும் முதல்தர இயற்பியல். இந்த விஷயத்தில் நோபல் குழு தராசைச் சரியாகப் பிடிக்கவில்லை என்பதே என் எண்ணம்.

வேறு மரியாதைகள் வந்தன. 1966இல் அமெரிக்க இயற்பியல் கழகத்தின் பக்லி பரிசு. அதே ஆண்டு ஹெர்ட்ஸ் அறக்கட்டளை விருதை அதிபர் ஜான்சன் வெள்ளை மாளிகையில் வழங்கினார். 1967இல் கெம்பு லேசருக்கு அமெரிக்கக் காப்புரிமை. 1984இல் அமெரிக்கத் தேசியக் கண்டுபிடிப்பாளர் பெருமைக்கூடத்தில் இடம். வுல்ஃப் பரிசு. 1987இல் ஜப்பான் பரிசு. ஹியூஸிலிருந்து 1961இல் விலகியவர், அடுத்த ஆண்டு கோராட் என்ற நிறுவனத்தைத் தொடங்கி, திறன்மிக்க கெம்பு லேசர்களைச் செய்து விற்றார். கடைசி ஆண்டுகளில் கனடாவின் வான்கூவரில் குடியேறி, 2007 மே 5 அன்று மறைந்தார். இன்னும் பதினொரு நாள் கழித்து அவருடைய லேசருக்கு 47 வயது நிறைந்திருக்கும்.

முதல் லேசர் பிறந்தபோது அதை வைத்து என்ன செய்வது என்று எவருக்கும் தெளிவாகத் தெரியவில்லை. விடை கிடைத்துவிட்டது, கணக்கைத்தான் தேட வேண்டும் என்ற பொருளில் டிஹேனன்ஸ் அடித்த வேடிக்கை துறை முழுதும் பரவியது. கணக்குகள் வரிசைகட்டி வந்தன. 1961 டிசம்பரில் நியூயார்க்கில் ஒரு நோயாளியின் விழித்திரைக் கட்டியைக் கெம்பு லேசரால் அழித்தார்கள். 1969இல் அப்போலோ 11 வீரர்கள் நிலவில் வைத்துவிட்டு வந்த எதிரொளிப்பான்மேல் கெம்பு லேசரைப் பாய்ச்சி, திரும்பி வந்த ஒளியைப் பிடித்து நிலவின் தூரத்தை அளந்தார்கள். இன்று நம் தொலைபேசிப் பேச்சு கண்ணாடி இழைக்குள் ஓடுவதும், மளிகைக் கடையில் பொருளைக் காட்டியதும் விலை விழுவதும் லேசரால்தான். யுனெஸ்கோ 2018இலிருந்து ஆண்டுதோறும் மே 16ஐ உலக ஒளி நாளாகக் கொண்டாடுகிறது. அது எந்த அறிஞரின் பிறந்த நாளும் இல்லை. அந்தச் சின்னக் கெம்பு மின்னிய நாள். பதக்கம் ஒருவர் பெட்டியில் இருக்கும். இந்த நாள் நாட்காட்டியில் எல்லாருக்கும் இருக்கிறது.

அம்மாவிடம் இதையெல்லாம் பேருந்தில் வரும்போதே சொன்னேன். "ஊரே முடியாதுன்னு சொன்னதுக்கப்புறம் மறுபடி அளந்து பார்த்தாராக்கும்" என்று அதை மட்டும் பிடித்துக்கொண்டார்.

மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனோம். கையில் பத்திரமாக வைத்திருந்த பழைய ஸ்கேன் ரிப்போர்ட்டை நீட்டினேன். டாக்டர் வாங்கி ஒருமுறை பார்த்துவிட்டு மேசையில் வைத்தார். "இது இருக்கட்டும். இன்னைக்கு எப்படி இருக்குன்னு புதுசா ஒண்ணு எடுத்துப் பார்த்துடலாம்" என்றார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டு, தாடையைத் தாங்கியில் வைத்தார்.